புல் நிற்கும் மணல்: ஜெய்சல்மேர் மேய்ச்சல் நிலத்து மண்ணைப் படித்து வகைப்படுத்துவது எப்படி?

ஜெய்சல்மேரிலிருந்து ராம்கட் போகும் வழியில், செவண் புல் இடுப்பளவு நின்ற ஒரு மணல்வெளியில்தான் என் முதல் குழியை வெட்டினேன். ஒன்றரை மீட்டர் ஆழம் வரைக்கும் ஒரே மணல். அடுக்கு என்று சொல்ல ஒன்றுமே இல்லை. வகைப்பாட்டு நூலின்படி அது வளர்ச்சியே அடையாத மண். அதே நாள் பிற்பகல் சில கிலோமீட்டர் தள்ளி வெட்டிய குழியில் நிறம் மாறும் அடுக்குகள், வெள்ளைச் சுண்ணாம்புத் திரள்கள், அடியில் கடப்பாரையைத் திருப்பி அடிக்கும் கெட்டித் தட்டு என்று பாடப்புத்தகப் படம் போலவே எல்லாம் இருந்தன. ஆனால் மேலே இலந்தைப் புதரும் வெறுந்தரையும்தான்.

இந்த இரண்டு குழிகளையும் சேர்த்துப் புரிந்துகொண்டால் பாலைவன மேய்ச்சல் மண்ணைப் பற்றிப் பாதி தெரிந்த மாதிரி. மண்ணின் வகைப் பெயர் அதற்குப் போடும் மதிப்பெண் இல்லை. தண்ணீர் எங்கே போகும், வேர் எங்கே நிற்கும் என்று சொல்லும் முகவரி அது. அந்த முகவரியைப் படிப்படியாக எப்படிக் கண்டுபிடிப்பது என்று பார்ப்போம். வேளாண் பட்டப்படிப்பு மாணவர்களுக்கும், மேய்ச்சல் நில மீட்பில் வேலை செய்கிறவர்களுக்கும் உதவ வேண்டும் என்று நினைத்து எழுதுகிறேன்.

எந்த நிலத்தைப் பற்றிப் பேசுகிறோம்

தார் பாலைவனத்தின் மேற்குப் பகுதி. ஜெய்சல்மேரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 180 மி.மீ. மழைதான். அதில் பெரும்பங்கு ஜூலை முதல் செப்டம்பர் வரை சில நாட்களில் கொட்டிவிடும். வெயிலும் காற்றும் ஓராண்டில் இழுக்கக்கூடிய ஈரமோ 1,500 மி.மீ.க்கும் மேல். இந்த நிலத்தை வாழவைப்பது செவண். ஆழமான சல்லிவேர் கொண்ட பல்லாண்டுப் புல் அது. தார்பார்க்கர் மாடு, செம்மறி, ஒட்டகம் எல்லாம் அதை நம்பியே இருக்கின்றன, கானமயிலும்தான். கொஞ்சம் மழை கூடுதலான, மண் சற்று இறுகிய கிழக்குப் பக்கம் போனால் தாமண் என்ற புல் வரும். நம் காங்கேயம் கொரங்காடுகளில் நிற்கும் கொழுக்கட்டைப் புல் அதேதான். அங்கே கேஜ்ரி என்று வணங்கப்படும் மரம் நம் வன்னி. இரண்டையும் பார்த்ததும் பழகிய இடம் போலத் தோன்றும். ஆனால் மண் வேறு, மண்ணின் வெப்பமும் வேறு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் படி: வெட்டுவதற்கு முன் நடங்கள்

நேரே போய்க் குழி வெட்டாதீர்கள். நிலத்தின் வடிவம்தான் பாலைவன மண்ணை முக்கால்வாசி தீர்மானிக்கிறது. அங்குள்ளவர்கள் ஏற்கெனவே அதைப் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். மணல்மேடு என்றால் தோரா. கல்லும் சரளையும் நிறைந்த மேட்டுவெளி மக்ரா. உப்புப் பூத்த தாழ்நிலம் ரண். மழைநீரை வரப்புக் கட்டித் தேக்கி, அதில் வண்டல் படியப் படிய ரபி என்னும் குளிர்காலப் பயிர் செய்யும் தாழ்நிலம் கடீன். இந்த நான்கு சொற்களும் உங்கள் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இருக்கட்டும்.

மேட்டிலிருந்து தாழ்வு வரை ஒரு நேர்கோட்டில் நடந்து, நில வடிவம் மாறும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு குழி என்று திட்டமிடுங்கள். மேடு ஒன்று, மேடுகளுக்கு இடைப்பட்ட சமவெளி ஒன்று, மக்ரா ஒன்று, தாழ்நிலம் ஒன்று. நான்கு குழிகள் போதும். கண்ட இடத்தில் வெட்டிய பத்துக் குழிகளைவிட இந்த நான்கும் அதிகம் சொல்லும்.

அக்டோபர், நவம்பர் மாதங்கள் வேலைக்கு ஏற்றவை. புல் காய்ந்தாலும் தூர் அடையாளம் தெரியும். மழை எவ்வளவு ஆழம் இறங்கியது என்பதும் குழியின் சுவரிலேயே தெரியும். சற்று ஈரமான மணல் சரியாமல் நிற்கும் என்பது இன்னொரு வசதி. மே, ஜூனில் போனால் காற்று உங்கள் மாதிரிப் பையையே நிரப்பிவிடும்.

அனுமதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோசர் என்பது ஊர் மேய்ச்சல் நிலம், பஞ்சாயத்திடம் கேளுங்கள். ஓரண் என்பது தெய்வத்துக்கு விட்ட நிலம், அங்கே ஒரு கிளையைக்கூட வெட்டமாட்டார்கள். ஊர்ப் பெரியவர்கள் சம்மதிக்காமல் ஓரணில் மண்வெட்டியை வைக்காதீர்கள்.

இரண்டாம் படி: குழி

ஒரு மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் ஆழம். படிக்கப்போகும் சுவரில் வெயில் விழ வேண்டும். அந்தச் சுவரின் மேல்விளிம்பில் மிதிக்கவோ மண்ணைக் கொட்டவோ கூடாது. எதிர்ப்பக்கத்தில் இறங்க ஏறப் படிகள் விடுங்கள்.

காய்ந்த மணலில் செங்குத்துச் சுவர் நிற்காது. என் இரண்டாவது குழியில் அவசரப்பட்டுச் செங்குத்தாகவே இறக்கினேன். பக்கச்சுவர் முட்டி அளவுக்கு வந்து மூடியது. ஆழம் இன்னும் கொஞ்சம் இருந்திருந்தால் மூச்சு முட்டியிருக்கும். பக்கச் சுவர்களைச் சரிவாக வெட்டுங்கள். தனியாக ஒருபோதும் இறங்காதீர்கள்.

வேலை முடிந்த அன்றே மூடிவிட வேண்டும். இரவில் ஆட்டுக்குட்டியோ சிங்காரா மானோ விழுந்தால் ஏற முடியாது. மூடும்போது அடிமண் அடியிலும் மேல்மண் மேலேயும் போகட்டும். அதற்கு வெட்டும்போதே இரண்டு குவியலாகப் போட்டு வைக்க வேண்டும். சுண்ணாம்பு மண் மேலே வந்துவிட்டால் அந்த இரண்டு சதுர மீட்டரில் பல வருடம் புல் வராது.

மூன்றாம் படி: கண்ணாலும் விரலாலும் படித்தல்

முதலில் மேற்பரப்பு. புல் தூரைச் சுற்றி மணல் சேர்ந்து சிறு குமிழ் போல இருக்கிறதா? தூர்களுக்கு இடையில் மணல் அரித்துப் போய் வேர் வெளியே தெரிகிறதா? கரும்பழுப்பான மெல்லிய உயிர்ப்பொருக்கு ஏதாவது இருக்கிறதா? நீலப்பச்சைப் பாசி இனங்கள் மணல் துகள்களைப் பிணைத்து உண்டாக்குவது அது. கால்நடை மிதிக்க மிதிக்க உடையும். தூருக்கு அடியில் ஒரு மாதிரி, இடைவெளியில் ஒரு மாதிரி என்று மேல்மண்ணை இரண்டாகத்தான் எடுக்க வேண்டும். பாலைவனத்தில் சத்தெல்லாம் தூரைச் சுற்றியே தேங்கும். இரண்டையும் கலந்து எடுத்த மாதிரி எந்த இடத்து உண்மையையும் சொல்லாது.

அப்புறம் சுவர். கத்தி முனையால் மேலிருந்து கீழே குத்திக்கொண்டே வாருங்கள். கைக்குத் தெரியும் மாற்றம் கண்ணுக்குப் பிறகுதான் தெரியும். ஒவ்வொரு அடுக்குக்கும் ஆழம், நிறம், நயம் (மணலா, களியா என்ற துகள் பதம்), கட்டமைப்பு, வேர், சுண்ணாம்பு ஆகியவற்றைக் குறியுங்கள். மண் நிறத்துக்கு எண் கொடுக்கும் மன்செல் நிற அட்டையில் இந்த மணல் பெரும்பாலும் 10 ஒய்.ஆர். பக்கத்தில் 6/4ஐ ஒட்டி வரும், அதாவது வெளிர் மஞ்சள் பழுப்பு. காய்ந்த நிலையிலும் நனைத்தும் இரண்டு முறை பார்க்க வேண்டும்.

நயம்தான் இங்கே எல்லாவற்றையும்விட முக்கியம். ஒரு கைப்பிடி மண்ணை நனைத்துப் பிசையுங்கள். உருண்டையே பிடிக்காமல் பொலபொலவென்று உதிர்ந்தால் மணல். உருண்டை நிற்கிறது, ஆனால் கட்டைவிரலால் தள்ளினால் நாடா வரவில்லை என்றால் லோமி மணல் (லோம் என்பது மணல், வண்டல், களி மூன்றும் கலந்த மண்). இரண்டு செ.மீ. அளவுக்கு நாடா வந்து உடைந்தால் மணற்பாங்கான லோம். கேட்கச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் வகைப்பாட்டில் மண்ணின் பிரிவே இந்தக் கோட்டில்தான் மாறும். சந்தேகம் வந்தால் மூன்று பேர் தனித்தனியாகப் பிசைந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

நான்காம் படி: சுண்ணாம்பைத் துரத்துங்கள்

இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

மழையும் காற்று கொண்டுவரும் தூசியும் மேலே சுண்ணாம்பைச் சேர்க்கின்றன. வேர்கள் மூச்சு விடும் கரியமில வாயு கலந்த மழைநீர் அதைக் கரைத்துக் கீழே கொண்டுபோகிறது. மழை குறைவு என்பதால் தண்ணீர் வெகுதூரம் போகாது. அது நின்று வற்றும் ஆழத்தில் சுண்ணாம்பு படிந்துவிடுகிறது. ஆக, சுண்ணாம்பு அடுக்கின் ஆழம் என்பது பல்லாயிரம் ஆண்டு மழை எவ்வளவு தூரம் இறங்கியது என்ற பதிவு. அங்கே கங்கர் என்பார்கள். நம் ஊரில் கிணறு வெட்டுகிறவர்கள் சொல்லும் சுக்கான்கல்லேதான்.

பத்து சத நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக மேலிருந்து கீழே விடுங்கள். நுரை எங்கே தொடங்குகிறது, எங்கே பொங்குகிறது என்று குறியுங்கள். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். ஆனால் நுரை சுண்ணாம்பு இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். அது வந்து படிந்ததா, காற்று அள்ளிப்போட்ட மணலிலேயே இருந்ததா என்பதை வடிவம்தான் சொல்லும்.

அந்த வடிவங்களை வரிசைப்படுத்தியவர்கள் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் வேலை செய்த கைல், பீட்டர்சன், கிராஸ்மன் மூவர். 1966இல் அவர்கள் வெளியிட்ட நான்கு நிலைகளை இன்றைக்கும் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறோம். முதல் நிலையில் வெள்ளை நூலிழைகள், அல்லது சரளைக்கல்லின் மேல் மெல்லிய பூச்சு. இரண்டாம் நிலையில் தனித்தனித் திரள்கள். மூன்றில் திரள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து அடுக்கு முழுவதும் அடைத்துக்கொள்கிறது. நான்கில் அடைத்துக்கொண்ட அடுக்கின் தலையில் தாள் தாளாக ஒரு கெட்டி மூடி உருவாகிறது. இளம் மணல்மேட்டில் முதல் நிலைகூட இருக்காது. பழைய சமவெளியில் இரண்டு, மூன்று. மக்ராவில் பல இடங்களில் கெட்டித் தட்டே கிடக்கும்.

தட்டு உண்மையிலேயே கெட்டியானதா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஒரு துண்டை நன்றாக உலர்த்தித் தண்ணீரில் போடுங்கள். கரைந்து உதிர்ந்தால் வெறும் இறுக்கம். உதிராமல் நின்று, அமிலத்தில் போட்டால் மட்டும் உடைந்தால் அதுதான் பெட்ரோகால்சிக் அடுக்கு.

மோகன்கட் பக்கம் போனால் சுண்ணாம்போடு ஜிப்சமும் உண்டு. ஊசி போல், மணிமணியாகப் பளிச்சிடும். அமிலத்தில் நுரைக்காது. நகத்தால் கீறினால் கீறும். நுரைக்காத வெள்ளையை எல்லாம் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

ஐந்தாம் படி: ஆய்வகம்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், முறைகள் எல்லாக் கையேடுகளிலும் இருக்கின்றன. நிழலில் உலர்த்தி, 2 மி.மீ. சல்லடையில் சலித்து, மேலே தங்கும் சரளையை எடை போட்டு வைத்துக்கொள்ளுங்கள். துகள் அளவு, அமில கார நிலை, மின்கடத்துதிறன், சுண்ணாம்பு அளவு, கரிமம் ஆகிய ஐந்தும் போதும். மணல் நிலங்களில் அமில கார நிலை எட்டுக்கு மேல் இருக்கும். கரிமம் பெரும்பாலும் 0.3 சதத்துக்கும் கீழே. எண்ணைப் பார்த்துக் கருவி கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். உப்பு மண்ணில் மட்டும் ஒரு எச்சரிக்கை: வாக்லி-பிளாக் முறையில் குளோரைடு குறுக்கிட்டுக் கரிமத்தைக் கூட்டிக் காட்டும். ரண் மாதிரிகளுக்கு அதற்கான திருத்தத்தோடு செய்யச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: ஈர நிலை, வெப்ப நிலை

அமெரிக்க மண் வகைப்பாட்டு முறையைத்தான் இந்தியாவில் பெரும்பாலும் பின்பற்றுகிறோம். அதில் மண்ணின் ஈரமும் வெப்பமும் பெயரிலேயே வரும்.

மண் வெப்பமாக இருக்கும் நாட்களில் பாதிக்கும் மேல் முழுக்க வறண்டு கிடந்து, தொடர்ந்து 90 நாட்கள்கூட ஈரம் தாங்காத மண் ‘அரிடிக்’ ஈர நிலை. அதையே பெயருக்குள் ‘டோரி’ என்று சேர்ப்பார்கள். எந்த ஆழத்து ஈரத்தைப் பார்ப்பது? களி, லோம் மண்ணில் தோராயமாக 10 முதல் 30 செ.மீ.; மணலில் 30 முதல் 90 செ.மீ. மணலில் தண்ணீர் ஆழமாகப் போகும் என்பதை வகைப்பாடே ஒப்புக்கொள்கிறது பாருங்கள்.

வெப்பத்துக்கு 50 செ.மீ. ஆழம். ஆண்டுச் சராசரி 22 டிகிரியோ அதற்கு மேலோ இருந்து, கோடைக்கும் குளிருக்கும் 6 டிகிரியோ மேலோ வேறுபாடு இருந்தால் ‘ஹைப்பர்தெர்மிக்’. ஜெய்சல்மேர் அப்படித்தான். தமிழ்நாட்டுச் சமவெளி மண்ணும் வெப்பமானதுதான், ஆனால் கோடை குளிர் வேறுபாடு 6 டிகிரிக்குள் அடங்கிவிடும், அதனால் ‘ஐசோஹைப்பர்தெர்மிக்’. கொழுக்கட்டைப் புல் இரண்டு இடத்திலும் நின்றாலும் மண்ணின் பெயர் ஒன்றாக வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏழாம் படி: பெயர் கண்டுபிடித்தல்

வகைப்பாட்டுத் திறவுகோலை மேலிருந்து கீழே வரிசை தவறாமல் படிக்க வேண்டும். முதலில் எது பொருந்துகிறதோ அதுதான் பெயர். பிடித்ததைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. பலரும் தவறுவது இந்த இடத்தில்தான்.

வறண்ட ஈர நிலையோடு, ஒரு மீட்டருக்குள் உப்பு, ஜிப்சம், களி, சுண்ணாம்பு, அல்லது ‘கேம்பிக்’ என்னும் லேசாக மாறிய அடுக்கு ஏதாவது ஒன்று இருந்தால் மண் ஏரிடிசால் என்ற பெரும்பிரிவில் விழும். எதுவுமே இல்லையென்றால் என்டிசால். மணலாகவே இருக்கும் அடுக்கு கேம்பிக் ஆகாது. மூன்றாம் படியில் நாடா இழுத்துப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

ஏரிடிசாலுக்குள் ஏழு துணைப்பிரிவுகள். குளிர்நாட்டுக்குரிய கிரையிட் முதலில். அடுத்து சாலிட் (உப்பு), டூரிட் (சிலிக்காவால் இறுகிய தட்டு), ஜிப்சிட் (ஜிப்சம்), ஆர்ஜிட் (களி), கால்சிட் (சுண்ணாம்பு), கடைசியில் கேம்பிட் (கேம்பிக் அடுக்கு). சுண்ணாம்பும் உப்பும் இரண்டும் இருக்கும் மண்ணில் உப்பு அடுக்கு தகுதிக்கு வந்துவிட்டால் அது சாலிட்தான், கால்சிட் ஆகாது.

தகுதி அளவுகளில் அடிக்கடி தேவைப்படுபவை: கால்சிக் அடுக்கு குறைந்தது 15 செ.மீ. தடிமன், சுண்ணாம்பு பொதுவாக 15 சதமோ அதற்கு மேலோ. கீழுள்ள அடுக்கைவிட 5 சதமாவது கூடுதலாக இருக்க வேண்டும், அல்லது படிந்த சுண்ணாம்பு பருமனில் 5 சதமாவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஜிப்சிக் அடுக்குக்கும் 15 செ.மீ. தடிமன், 5 சத ஜிப்சம். தடிமனையும் சதத்தையும் பெருக்கினால் 150ஐத் தொட வேண்டும். சாலிக் அடுக்குக்கு மின்கடத்துதிறன் மீட்டருக்கு 30 டெசிசீமென்ஸ்.

இனி நம் நான்கு குழிகள்.

தோரா: அடுக்கில்லை, முழுக்க மணல். என்டிசால், அதில் மணல் மண்களான சம்மென்ட், வறண்டது என்பதால் டோரிசம்மென்ட். முழுப்பெயர் ‘கலப்புக் கனிம, ஹைப்பர்தெர்மிக் டிபிக் டோரிசம்மென்ட்’ (டிபிக் என்றால் அந்த வகையின் வழக்கமான மாதிரி). இந்தக் குடும்பப் பெயரில் துகள் அளவுச் சொல் வராது, மணல் என்பது சம்மென்ட்டிலேயே அடங்கிவிட்டது.

இடைச்சமவெளி: நாடா வருகிறது, நிறம் மாறுகிறது, சுண்ணாம்பு நூலிழை மட்டும் என்றால் ஹாப்லோகேம்பிட் (‘ஹாப்லோ’ என்றால் எளிய வகை). திரள்கள் பெருகிக் கால்சிக் தகுதிக்கு வந்தால் ஹாப்லோகால்சிட்.

மக்ரா: ஒரு மீட்டருக்குள் கெட்டித் தட்டு இருந்தால் பெட்ரோகால்சிட். தட்டில்லாமல் அரை மீட்டருக்குள் பாறையே வந்தால் லித்திக் டோரிஆர்தென்ட்.

ரண்: சாலிட்.

பழைய அறிக்கைகளைப் படிக்கும்போது குழம்ப வேண்டாம். 1975இல் வந்த முதல் பதிப்பில் ஏரிடிசாலுக்கு ஆர்ஜிட், ஆர்திட் என்று இரண்டே துணைப்பிரிவுகள். அதனால் ராஜஸ்தானின் பழைய மண் வரைபடங்களில் கேம்பார்திட், கால்சிஆர்திட், பேலியார்திட் என்று இருக்கும். முதலிரண்டும் ஏறக்குறைய இன்றைய ஹாப்லோகேம்பிட், ஹாப்லோகால்சிட், மூன்றாவது பெட்ரோகால்சிட். உலக மண் வகைப்பாட்டில் இதே மண்கள் அரினோசால், கால்சிசால், சோலன்சாக் என்ற பெயர்களில் வரும்.

எட்டாம் படி: பெயரிலிருந்து புல்லுக்கு

சரி, வளர்ச்சியடையாத அந்த மணலில் ஏன் புல் இடுப்பளவு நின்றது?

ஒரு சின்னக் கணக்கு. காய்ந்த மணல் 10 செ.மீ. ஆழத்துக்கு ஏறக்குறைய 8 மி.மீ. நீரைப் பிடிக்கும். களிலோம் 25 மி.மீ. பிடிக்கும். 10 மி.மீ. மழை பெய்தால் மணலில் 12 செ.மீ. இறங்கும், களிலோமில் 4 செ.மீ.தான். அந்த நான்கு செ.மீ.யை ஜெய்சல்மேர் வெயில் சில நாளில் உறிஞ்சிவிடும். மணலில் மேலே இரண்டு விரற்கடை காய்ந்ததும் அந்தக் காய்ந்த மணலே மூடியாகி அடியிலுள்ள ஈரத்தைக் காக்கும். மழை நிறைந்த நாட்டில் களிமண் நல்லது, வறண்ட நாட்டில் மணல் நல்லது என்ற இந்தத் தலைகீழ் விதியை இஸ்ரேலியச் சூழலியலாளர் இமானுவேல் நோய்-மெயர் 1973இல் தெளிவாக எழுதினார். செவண் புல்லுக்கு அது எப்போதோ தெரியும்.

ஆகவே டோரிசம்மென்ட் என்று பெயர் வந்த இடத்தில் டிராக்டர் கலப்பையை இறக்காதீர்கள். அந்த மணலைக் காற்றிடமிருந்து பிடித்து வைத்திருப்பது செவண் தூர் மட்டும்தான்; அதைப் பிடுங்கிவிட்டால் நிலமே நகரும். அரசுக் கணக்கில் இத்தகைய வெளிகள் பெருமளவு ‘தரிசு’ என்று எழுதப்பட்டிருப்பதுதான் எனக்கு ஆறவே ஆறாத வருத்தம். மண் ஆய்வு அறிக்கை எழுதும்போது ‘வளர்ச்சியற்ற மண்’ என்று மொட்டையாக நிறுத்தாமல் ‘பல்லாண்டுப் புல்லுக்கு மிக ஏற்றது’ என்ற வரியையும் சேர்த்து எழுதுங்கள். அந்த ஒரு வரி ஒரு கோசரைக் காப்பாற்றலாம்.

ஹாப்லோகேம்பிட், ஹாப்லோகால்சிட் நிலங்களில் மழை கொஞ்சம் கூடுதலாக இருந்தால் தாமண் விதைக்கலாம். பெட்ரோகால்சிட்டில் தட்டு 40 செ.மீ.யில் இருந்தால் வேருக்குக் கிடைக்கும் ஈரம் ஒரு மீட்டர் மணலில் கிடைப்பதில் பாதிகூட இல்லை. இலந்தைப் புதர்களை விட்டுவைத்து ஆட்டுக்குத் தழையாகப் பயன்படுத்துவதே சரி. ரண் ஓரத்தில் உப்பைத் தாங்கும் லாணாப் புதர் இருந்தால் அது போதும், புல்லுக்காகச் செலவழிக்க வேண்டாம்.

கெட்டித் தட்டையும் ஜிப்சத்தையும் ஏன் இத்தனை தூரம் துரத்தினோம் என்பதற்குத் தாரிலேயே பாடம் இருக்கிறது. 1958இல் வேலை தொடங்கிய இந்திரா காந்தி கால்வாய் ஜெய்சல்மேர் வரை தண்ணீர் கொண்டுவந்தது. அடியில் நீர் புகாத அடுக்கு மேலாகவே இருந்த பகுதிகளில் பாய்ச்சிய நீர் வடிய வழியின்றித் தேங்கி, உப்பும் மேலே ஏறியது. 2006 ஆகஸ்டில் பார்மேர் மாவட்டத்தில் வெள்ளம் வந்தபோது கவாஸ் போன்ற தாழ்வான ஊர்களில் தண்ணீர் மாதக்கணக்கில் நின்றதற்கும் அடியிலிருந்த ஜிப்சம் அடுக்கு ஒரு காரணம். நீர்ப்பாசனம் வரப்போகிற நிலம் என்றால் ஒன்றரை மீட்டர் குழியோடு நிறுத்தாதீர்கள். குழியின் அடியிலிருந்து மண் துளைப்பானை இன்னும் மூன்று மீட்டராவது இறக்கிப் பாருங்கள்.

அடுத்த வருடம் முதல் நல்ல மழைக்கு இரண்டு நாள் கழித்து அதே நான்கு இடங்களுக்கும் ஒரு நீளமான இரும்புக் கம்பியோடு போங்கள். ஈர மணலில் கம்பி எளிதாக இறங்கும், காய்ந்த இடத்தில் நின்றுவிடும். நின்ற ஆழத்தை உங்கள் குழிக் குறிப்புக்குப் பக்கத்தில் எழுதுங்கள். சுண்ணாம்பு தொடங்கும் ஆழமும் அந்த எண்ணும் எவ்வளவு நெருக்கமாக வருகின்றன என்று பாருங்கள். மணல்மேட்டில் மட்டும் கம்பி போய்க்கொண்டே இருக்கும்.